சீனத்து ஓடு பொறுக்கிய பேராசிரியர்

சில வருஷம் முன்னால், எண்ணூர் பக்கம் ஒரு வேலையில் அஸ்திவாரக் குழி தோண்டினபோது, சேற்றோடு பச்சை மெருகு போட்ட ஓட்டுத் துண்டு ஒன்று மேலே வந்தது. யார் வீட்டுப் பீங்கானோ என்று காலால் தள்ளிவிட்டேன். பேராசிரியர் நொபொரு கராஷிமாவைப் பற்றிப் படித்தது அதற்கப்புறம்தான்.

கராஷிமா (1933–2015) ஜப்பானியர். டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர். 1960-களில் கல்வெட்டு படிக்கச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். சோழர் கல்வெட்டு என்றால் நமக்கெல்லாம் ராஜாவின் போரும் வெற்றியும்தான். இவரோ நிலம் யார் கையில் இருந்தது என்று பெயர் பெயராக எண்ணினார். எ. சுப்பராயலு, தோரு மாட்சுயி இருவரோடும் சேர்ந்து சோழர் கல்வெட்டுப் பெயர்களுக்கு ஓர் அடைவே 1978-இல் வெளியிட்டார். பொறுமைக்கு அளவே இல்லை!

அதே பொறுமையோடு 1980-களில் நம் கடற்கரைக்கு வந்தார், உடைந்த பீங்கான் தேடி. ஏன் பீங்கான்? பட்டு மக்கிப்போகும், மிளகு தின்று தீர்ந்துபோகும். பீங்கான் உடையுமே தவிர அழியாது. களிமண், மெருகு, அடி வளையம் இவற்றைப் பார்த்தே எந்தச் சூளை, எந்தக் காலம் என்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்தப் பச்சை நிறம் கூட, மெருகில் துளி இரும்பு கலந்து, சூளையில் காற்றைக் குறைத்து எரிப்பதால் வருவது. நம்ம மெட்டலர்ஜி சாரிடம் சொன்னால் முழு பீரியடும் அதிலேயே போயிருக்கும்.

ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் அப்படிப்பட்ட ஓடுகள் நிறையக் கிடைத்தன. லுங்சுவான் பச்சை, ஜிங்தெஜென் நீலம் என்று பெரும்பாலும் 13, 14-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. 14-ஆம் நூற்றாண்டில் வாங் தாயுவான் என்ற சீனர் எழுதிய நூலில் 'தா பாதான்' என்று ஓர் ஊர் வருகிறது. சீனத்தில் 'தா' என்றால் பெரிய. 'பாதான்' நம்ம பட்டினம்! அது பெரியபட்டினம்தான் என்றார் கராஷிமா. ஏட்டில் இருந்த பெயருக்கு மண்ணில் கிடைத்த ஓடு சாட்சி.

மறுகரையிலும் சாட்சி உண்டு. சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, சிவன் கோயில் கட்டிய செய்தியோடு.

2013-இல் இவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம்ம திருவொற்றியூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம்தான்.

நான் தள்ளிவிட்ட ஓடு சீனத்ததா, யார் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டா, இனி தெரியாது. அந்தக் குழியில் கான்கிரீட் போட்டாச்சு. சைட்டுக்குப் போகும் ஜூனியர்கள், அப்படி ஏதாவது வந்தால் எத்தனை அடி ஆழத்தில் வந்தது என்று எழுதி வைத்து, எழும்பூர் மியூசியத்துக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க.