இப்னு பதூதா இறங்கிய கரையும் உம்மம்மாவின் ஒழுங்கையும்



புத்தளத்தில் வரலாறு படிப்பிக்கும் நாங்கள் சிலர், இந்த விடுமுறையில் கூகிள் ஏர்த்தில் வரைபடப் பயணம் செய்யப் பழகினோம். புதிய செயற்றிட்டம் ஒன்றைத் திறந்து, இடத்தைத் தேடி, ஊசி குத்தி, படமும் நாலு வரியும் சேர்க்க வேண்டியதுதான். பொத்தானை அமுக்கினால் ஊசிக்கு ஊசி பறந்து போகும். முன்பு டுவர் பில்டர் என்று ஒன்று இருந்தது, 2021இல் மூடிவிட்டார்கள். ஆகவே செய்ததைக் கேஎம்எல் கோப்பாகவும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்னு பதூதாவின் பயணத்தைச் செய்தோம். 1344இல் மாலைதீவிலிருந்து வந்தவர் இறங்கிய 'பத்தாலா' நம்முடைய புத்தளம்தான். கரையெல்லாம் கறுவா மரங்கள் ஒதுங்கிக் கிடந்ததாக எழுதியிருக்கிறார். ஆரியச் சக்கரவர்த்தியிடம் அவர் கேட்டது பாவாத மலைக்குப் போக வழி. மன்னர் பல்லக்குக் கொடுத்து, யோகிகளையும் பிராமணர்களையும் துணைக்கு அனுப்பினார். (இதைப் பிள்ளைகள் இரண்டு முறை வாசித்தார்கள்.) திரும்பும்போது தெவிநுவர, காலி, கொழும்பு வழியாக மீண்டும் புத்தளம்.

'குனகார்' என்ற ஊரில்தான் சிக்கல். பலர் குருநாகல் என்கிறார்கள், வேறு இடம் என்போரும் உண்டு. ஊசிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டோம். அதிகம் வாக்குவாதப்பட்டது அந்த ஊசியில்தான்.

அதன்பிறகு தரம் பத்துப் பிள்ளை ஒன்று, "சேர், எங்கட உம்மம்மாட வீட்டையும் குத்தலாமா?" என்றது. யாழ்ப்பாணம் சோனகத் தெரு. 1990 ஒக்டோபர் 30இல் புலிகள் இரண்டு மணித்தியாலம் கொடுத்து வெளியேற்றிய ஊர். பிள்ளை அங்கே வாழ்ந்ததே இல்லை.

உம்மம்மாவைத் திரைக்கு முன் இருத்தினோம். ஒஸ்மானியாக் கல்லூரியைப் பிடித்து, அங்கிருந்து ஒழுங்கைகளை விரலால் எண்ணினார். "இன்னும் கிட்டக் கொண்டு வாங்க வாப்பா" என்றார். கிட்டப் போகப்போகப் படம் மங்கியது. கிணறு இருந்த இடத்தை மட்டும் விரலை எடுக்காமல் காட்டினார்.

பகிரும்போது எங்களுக்குள் பேச்சு வந்தது. இணைப்புக் கிடைத்தவர் எவரும் பார்க்கலாம் என்று விட்டால், இன்னாருடைய காணி இது என்று ஊருக்கே அறிவித்ததாகிவிடும். உறுதி தொலைத்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஆகவே இப்னு பதூதா எல்லோருக்கும், அந்த வீடு குடும்பத்துக்கு மட்டும்.

சோனகத் தெரு, எருக்கலம்பிட்டி, தண்ணீரூற்று ஞாபகம் உள்ள பெரியவர்கள் எங்களிடம் சொல்லுங்கள். கணினியோடு வீட்டுக்கே வருகிறோம். மூக்குக் கண்ணாடியை மட்டும் எடுத்து வையுங்கள்.