ஒழுங்கமைத்தல் பிறந்த கதை: ஈரி இரயில்வேயும் டேனியல் மெக்காலமும்

மேலாண்மையின் பணிகள் எவை என்று கேட்டால் வணிகவியல் மாணவர் எவரும் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவர்: திட்டமிடுதல், ஒழுங்கமைத்தல், பணியமர்த்துதல், இயக்குதல், கட்டுப்படுத்துதல். இதில் இரண்டாவதாக வரும் ஒழுங்கமைத்தலுக்குப் பாடநூல்கள் தரும் விளக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். செய்ய வேண்டிய வேலைகளைப் பிரிக்க வேண்டும், ஒத்த வேலைகளைத் துறைகளாகச் சேர்க்க வேண்டும், ஒவ்வொன்றையும் ஒருவரிடம் ஒப்படைத்து அதற்குரிய அதிகாரத்தையும் கொடுக்க வேண்டும், யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதைத் தெளிவாக்க வேண்டும். பக்கத்திலேயே கட்டம் கட்டமாக ஒரு படமும் இருக்கும். உச்சியில் இயக்குநர் குழு, நடுவில் மேலாளர்கள், அடியில் தொழிலாளர்கள்.

இந்தப் பாடத்தைப் படிக்கும்போது யாரோ ஒரு பேராசிரியர் அறையில் உட்கார்ந்து யோசித்து எழுதியது போலத் தோன்றும். பிரான்சில் ஒரு சுரங்க நிறுவனத்தை நெடுங்காலம் நடத்திய ஹென்றி ஃபயோல் 1916இல் மேலாண்மையின் ஐந்து கூறுகளில் ஒன்றாக ஒழுங்கமைத்தலைப் பட்டியலிட்டார் என்பது உண்மைதான். ஆனால் அவர் பெயர் வைத்தார், அவ்வளவே. விஷயம் அதற்கு அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்க இரயில் பாதைகளில் தொடங்கிவிட்டது. அதற்குக் காரணம் அறிவுத் தாகம் அல்ல. இரயில்கள் மோதிக்கொண்டன, ஆட்கள் செத்தார்கள், பணம் போன இடம் தெரியவில்லை.

அதற்கு முன்னால் இருந்த தொழில்களை நினைத்துப் பார்க்கலாம். ஒரு வணிகர், அவருடைய பங்காளி, நான்கைந்து கணக்கர்கள். பெரியது என்றால் நூற்பாலைதான். அங்கும் நூற்றுக்கணக்கானோர் ஒரே வளாகத்தில் வேலை செய்தார்கள். முதலாளி காலையில் ஒரு சுற்று நடந்து வந்தால் யார் என்ன செய்கிறார்கள் என்பது அவர் கண்ணுக்கே தெரிந்துவிடும். இரயில்வேயில் அப்படிச் சுற்றிவர முடியாது. நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு ஆட்கள் சிதறிக் கிடக்கிறார்கள், வேலையும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

முதல் அடி விழுந்தது மாசசூசெட்ஸ் மாநிலத்தில். வொர்செஸ்டர் நகரிலிருந்து நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி வரை செல்லும் வெஸ்டர்ன் இரயில்ரோடு அப்போது கட்டி முடியும் தறுவாயில் இருந்தது. ஏறக்குறைய 150 மைல், அதுவும் ஒற்றைப் பாதை. 1841 அக்டோபர் 5 அன்று வெஸ்ட்ஃபீல்டு அருகே இரண்டு பயணிகள் இரயில்கள் நேருக்கு நேர் மோதின. ஒரு கண்டக்டரும் ஒரு பயணியும் இறந்தனர், பதினேழு பேர் காயமடைந்தனர். அதற்கு முன்பும் அந்தப் பாதையில் விபத்துகள் நடந்திருந்தன. மக்கள் கொதித்தார்கள், மாநிலச் சட்டமன்றம் விசாரணை நடத்தியது, கம்பெனியும் தன் பங்குக்கு ஒரு குழு அமைத்தது.

அந்தக் குழுவின் அறிக்கையிலிருந்து பிறந்த ஏற்பாடுதான் அமெரிக்கத் தனியார் தொழிலில் முதன்முதலாக அதிகாரக் கோடுகள் தெளிவாக வரையப்பட்ட நிர்வாகம் என்று தொழில் வரலாற்றாசிரியர் ஆல்ஃபிரட் சாண்ட்லர் கருதினார். பாதை மூன்று கோட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு கோட்டத்திலும் வண்டி ஓட்டத்துக்கு ஒருவர், தண்டவாளத்துக்கு ஒருவர், எஞ்சின் பராமரிப்புக்கு ஒருவர். இவர்கள் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த தலைமை அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். இன்றைக்கு இது மிகச் சாதாரணமாகத் தெரிகிறது. "இந்த இரயில் இங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் யார்?" என்ற கேள்விக்கு 1841க்கு முன்பு உறுதியான பதில் இல்லை என்பதை நினைத்தால்தான் அதன் அருமை புரியும்.

இப்போது ஈரிக்கு வருவோம். நியூயார்க் அண்ட் ஈரி இரயில்ரோடு 1851இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள பியர்மான்ட்டிலிருந்து ஈரி ஏரிக்கரையில் உள்ள டன்கிர்க் வரை சுமார் 450 மைல். அன்றைய உலகின் மிக நீண்ட பாதைகளில் ஒன்று. திறப்பு விழா வண்டியில் அமெரிக்க அதிபர் ஃபில்மோரே பயணம் செய்தார். அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர் காட்சிகளை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று திறந்த சரக்கு வண்டியில் ஓர் ஆடும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து போனதாகச் சொல்வார்கள்.

விழா முடிந்ததும் பிரச்சினை ஆரம்பித்தது. பாதை நீளமாக நீளமாகச் செலவு குறையும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். நீண்ட தூரம், நிறைய சரக்கு, எனவே மைலுக்கு ஆகும் செலவு குறைய வேண்டும். நடந்தது தலைகீழ். சிறிய கம்பெனிகளைவிடப் பெரிய கம்பெனிகளுக்கே மைலுக்குச் செலவு அதிகமாக ஆனது. சரக்குப் பெட்டிகள் எங்கே நிற்கின்றன என்பதே தெரியாமல் கிடந்தன.

ஈரியிடம் ஒரு நல்ல கருவி இருந்தது. அதுதான் தந்தி. 1851இல் அதன் சூப்பரின்டெண்டன்ட் சார்லஸ் மைனட் ஒரு வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது, டர்னர்ஸ் என்ற நிலையத்தில் கிராசிங்குக்காக வண்டி நின்றுவிட்டது. எதிர் வண்டி வரவே இல்லை. மைனட் அடுத்திருந்த கோஷன் நிலையத்துக்குத் தந்தி அடித்து, அந்த வண்டி இன்னும் அங்கே வரவில்லை என்று தெரிந்துகொண்டு, வந்தால் நிறுத்தி வைக்கும்படி உத்தரவிட்டார். பிறகு தன் வண்டியைக் கிளப்பச் சொன்னார். டிரைவர் மறுத்துவிட்டார். கம்பியில் வந்த செய்தியை நம்பி ஒற்றைப் பாதையில் எதிர் வண்டியின் முகத்துக்கு நேரே போக அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில் மைனட்டே எஞ்சினை ஓட்டினார். டிரைவர் கடைசிப் பெட்டியின் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். மோதினால் அடி குறைவாகப் படுமே! தந்தி வழியாக இரயிலை இயக்கியதன் தொடக்கம் என்று இந்தச் சம்பவத்தைக் குறிப்பிடுவது வழக்கம். சிரிப்பாக இருந்தாலும் அந்த டிரைவரை மறந்துவிடக் கூடாது. உத்தரவு போடுபவருக்கும் எஞ்சினில் நிற்பவருக்கும் உள்ள தூரம் இந்தக் கதையில் திரும்பவும் வரும்.

1854இல் மைனட் இருந்த பதவிக்கு வந்தவர் டேனியல் கிரெய்க் மெக்காலம். 1815இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். தச்சராகத் தொடங்கிக் கட்டடம், பாலம் கட்டுபவராக உயர்ந்து, புதுவகை மரப்பாலம் ஒன்றுக்குக் காப்புரிமையும் பெற்றிருந்தார். கல்லூரிப் படிப்பால் இந்த இடத்துக்கு வந்தவர் அல்லர். பாலத்தில் எந்தச் சட்டம் எந்தப் பளுவைத் தாங்குகிறது என்று பார்த்துப் பழகிய கண் அவருக்கு இருந்தது. நிர்வாகத்தையும் அதே கண்ணோடுதான் பார்த்தார் என்று தோன்றுகிறது.

1856 மார்ச் மாதம் அவர் கம்பெனித் தலைவருக்குக் கொடுத்த அறிக்கை மேலாண்மை வரலாற்றில் புகழ்பெற்றது. அதன் சாரம் இதுதான். ஐம்பது மைல் பாதை என்றால் சூப்பரின்டெண்டன்ட் எல்லாவற்றையும் நேரில் பார்த்துக்கொள்ள முடியும், எல்லோரையும் முகம் தெரியும். அங்கே முறை ஒன்றும் இல்லாவிட்டாலும் காலம் தள்ளலாம். ஐநூறு மைல் பாதையில் அந்த வித்தை செல்லாது. பெரிய பாதைகள் நஷ்டப்படுவதற்குக் காரணம் அவற்றின் நீளம் அல்ல, அந்த நீளத்துக்கு ஏற்ற நிர்வாக முறை இல்லாததுதான்.

அதற்கு அவர் சொன்ன வழிகள் ஆறு. பொறுப்புகளைச் சரியாகப் பிரிக்க வேண்டும். பொறுப்பை நிறைவேற்றப் போதுமான அதிகாரம் தர வேண்டும். பொறுப்பு நிறைவேறுகிறதா என்று அறிய வழி இருக்க வேண்டும். தவறுகள் உடனுக்குடன் மேலே தெரிவிக்கப்பட வேண்டும். இந்தத் தகவல்கள் தினசரி அறிக்கைகள் மூலம் வர வேண்டும், ஆனால் அதனால் நடுவிலிருக்கும் அதிகாரியின் மரியாதை அவருக்குக் கீழுள்ளவர்களிடம் குறைந்துவிடக் கூடாது. கடைசியாக, தவறு செய்தவர் யார் என்று தலைமை அதிகாரிக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டும். ஐந்தாவதை மட்டும் இன்னொரு முறை படிப்பது நல்லது. மேலாளரைத் தாண்டிக்கொண்டு நேராகக் கீழே உத்தரவு போடும் முதலாளிகள் இன்றும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

நடைமுறையிலும் இவை வந்தன. வண்டிகள் எங்கே இருக்கின்றன என்று மணிக்கொரு முறை தந்தியில் தகவல் வந்தது. கண்டக்டரின் அறிக்கையும் நிலைய அலுவலரின் அறிக்கையும் ஒத்துப் பார்க்கப்பட்டன. எந்தக் கோட்டத்தில் சரக்கு ஏற்றிச் செல்லச் செலவு அதிகம் என்று ஒப்பிட முடிந்தது. ஒவ்வொருவரும் தன் நேர் மேலதிகாரியிடம் மட்டுமே உத்தரவு பெற வேண்டும் என்பது விதி. பதவியைக் காட்டும் சீருடைச் சின்னங்களும் வந்தன.

1855இல் மெக்காலம் ஒரு படத்தையும் தயாரித்தார். வரைந்தவர் ஜார்ஜ் ஹோல்ட் ஹென்ஷா என்ற பொறியாளர். முதல் நவீன நிறுவன அமைப்புப் படம் என்று பரவலாகக் கருதப்படுவது இதுதான். இதில் கட்டங்கள் இல்லை. ஒரு மரம் அல்லது செடி போல இருக்கும். நம் பாடநூல் படத்துக்கு நேர் எதிராக, இயக்குநர் குழுவும் தலைவரும் அடியில், வேர்ப்பகுதியில் இருக்கிறார்கள். அங்கிருந்து மேலே கிளம்பும் கிளைகள்தான் கோட்டங்கள். கிளைகளில் இலைகளும் மொட்டுகளும் போல நிலைய அலுவலர்கள், டிரைவர்கள், தண்டவாளப் பணியாளர்கள். மொத்தம் 4,715 பேர். அன்றாட முடிவுகள் கிளைகளில் எடுக்கப்படுகின்றன, வேரின் வேலை தாங்குவது என்பது போல அந்தப் படம் அமைந்திருக்கிறது. எப்போது அது தலைகீழாகிப் பிரமிடு ஆனதோ! அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இதன் பிரதி ஒன்று இருக்கிறது.

மெக்காலமின் முறையை ஊரறியச் செய்தவர் அமெரிக்கன் ரெயில்ரோடு ஜர்னல் என்ற இதழின் ஆசிரியர் ஹென்றி வார்னம் பூர். பங்குச்சந்தைச் செய்திகளில் அடிபடும் 'ஸ்டாண்டர்டு அண்ட் பூர்ஸ்' என்ற பெயரில் இருக்கும் பூர் இவர்தான். மேலே சொன்ன சாண்ட்லர் இவருடைய கொள்ளுப்பேரன் என்பது ஒரு சுவையான செய்தி.

இதுவரை எல்லாம் வெற்றிக் கதை போல இருக்கிறது. பெரும்பாலான பாடநூல்களும் இங்கேயே நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் மெக்காலம் பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே, 1854 ஜூனில், ஈரியின் டிரைவர்கள் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களை மிகவும் சுட்ட விதி ஒன்று உண்டு. வண்டி நிற்க வேண்டிய நிலையத்தில் பாயிண்ட் தவறாக இருந்து வண்டி தடம் புரண்டால் டிரைவரே பொறுப்பு. பாயிண்டைத் திருப்புவது பாயிண்ட்ஸ்மேனின் வேலை. டிரைவர் அவருக்கு அதிகாரி அல்லர். நிலையத்துக்குள் நுழையும்போது பாயிண்டைக் கவனித்து மெதுவாக வரவேண்டியது டிரைவரின் கடமை என்பது நிர்வாகத்தின் வாதம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மெக்காலமின் இரண்டாவது கொள்கையை இங்கே வைத்துப் பார்த்தால் இடிக்கிறது. பொறுப்புக்கு ஏற்ற அதிகாரம் கோட்ட அதிகாரிக்குக் கிடைத்தது. எஞ்சினில் நின்றவருக்குப் பொறுப்பு மட்டும் கிடைத்தது, பாயிண்ட் மீது அதிகாரம் கிடைக்கவில்லை. டிரைவர்கள் மேலாண்மைத் தத்துவம் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் குறை எங்கே இருக்கிறது என்று சரியாகத்தான் கை வைத்தார்கள்.

1856 அக்டோபரில் மீண்டும் வேலைநிறுத்தம். இந்த முறை கம்பெனிக்குப் பெரும் இழப்பு. 1857இல் மெக்காலம் பதவி விலகினார். 1859இல் ஈரி கம்பெனி கடனில் மூழ்கி நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போனது. பிறகு 1860களில் டேனியல் ட்ரூ, ஜே கூல்டு, ஜிம் ஃபிஸ்க் ஆகியோர் அதன் பங்குகளை வைத்து ஆடிய சூதாட்டம் தனிக் கதை. கிளைகளை எவ்வளவு ஒழுங்காக அமைத்தாலும் வேரில் இருப்பவர்களை மெக்காலமின் ஆறு கொள்கைகளும் தொடவில்லை.

பூர் கூட முதலில் இருந்த உற்சாகத்தோடு கடைசிவரை இருக்கவில்லை. விதிகளும் கண்காணிப்பும் கூடக் கூட மனிதர்கள் இயந்திரமாகிவிடுவார்கள், சுயமாக யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்ற கவலை 1850களின் முடிவில் அவருக்கு வந்துவிட்டது.

மெக்காலமின் முறை ஈரியோடு முடியவில்லை. பென்சில்வேனியா இரயில்ரோட்டின் தலைவர் ஜே. எட்கர் தாம்சன் 1857இல் அதை எடுத்துச் சீராக்கினார். ஒரு கோட்டத்தில் வேலை செய்யும் மெக்கானிக் கோட்ட அதிகாரிக்குக் கட்டுப்பட்டவரா, தலைமையகத்தின் எஞ்சின் துறைக்குக் கட்டுப்பட்டவரா என்ற குழப்பத்துக்கு அங்கே விடை கிடைத்தது. வண்டி ஓட்டம் பற்றிய உத்தரவு கோட்ட அதிகாரி வழியாக மட்டும், வேலையின் தரம் பற்றிய விதிகள் துறை வழியாக. பாடத்தில் 'லைன் அண்ட் ஸ்டாஃப்' என்று வருவது இதுதான். அந்தக் கம்பெனியின் பிட்ஸ்பர்க் கோட்டத்துக்கு 1859இல் அதிகாரியானவர் ஆண்ட்ரூ கார்னகி, வயது 24. அங்கே கற்ற செலவுக் கணக்கையும் நிர்வாக முறையையும் அவர் பின்னாளில் இரும்பாலைக்கு எடுத்துச் சென்றார். 1875இல் இயங்கத் தொடங்கிய அவருடைய பெரிய ஆலைக்கு எட்கர் தாம்சன் பெயரையே வைத்தார்.

மெக்காலமுக்கு இன்னொரு வாய்ப்பு உள்நாட்டுப் போரில் வந்தது. 1862 பிப்ரவரியில் வடமாநில அரசு அவரை இராணுவ இரயில்வேக்களின் இயக்குநராக நியமித்தது. அவர் பொறுப்பேற்றபோது அரசின் கையில் இருந்தது ஏழு மைல் பாதை. போர் முடிந்து அவர் கொடுத்த கணக்கின்படி 2,105 மைல் பாதையும், 419 எஞ்சின்களும், உச்சத்தில் 24,964 பணியாளர்களும் அந்த அமைப்பின் கீழ் இருந்தனர். 1863 இலையுதிர் காலத்தில் வர்ஜீனியாவிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைச் சுமார் 1,200 மைல் தள்ளி, சட்டனூகா போர்முனையின் அருகே இரண்டு வாரத்துக்குள் கொண்டு சேர்த்தார்கள். பல தனியார் கம்பெனிகளின் பாதைகள் வழியாக நடந்த அந்தப் பயணத்தை ஒருங்கிணைத்தவர்களில் மெக்காலமும் ஒருவர், பென்சில்வேனியாவின் தாமஸ் ஸ்காட்டும் ஒருவர். இங்கே அவர் உத்தரவுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்ய முடியாது, இராணுவச் சட்டம் இருந்தது.

போர் முடிந்தபின் மேஜர் ஜெனரல் பட்டத்தோடு ஓய்வு பெற்றார். வேலை, விதி, அறிக்கை என்றே வாழ்ந்த இந்த மனிதர் ஓய்வு நேரத்தில் கவிதைகளும் எழுதி வந்தார். 1878 டிசம்பரில் புரூக்ளினில் காலமானார்.