‘ஆதி’ என்னும் சொல்லும் அத்திரம்பாக்கத்துக் கற்களும்



‘யார் முதலில் வந்தவர்?’ என்ற கேள்வி நம் அரசியலில் ஓயாமல் எழுகிறது. 1922இல் சென்னை மாகாண அரசு ஏற்ற ‘ஆதி திராவிடர்’ என்ற பெயரிலேயே அதற்கு ஒரு பதில் இருக்கிறது. இழிபெயரை உதற அந்தப் பெயர் தேவைப்பட்டது. இந்த ‘ஆதி’ எவ்வளவு தூரம் போகும் என்று மண்ணிடம் கேட்போம்.

1863 மே மாதம் பல்லாவரத்தில் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு, கொசத்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கிடைத்தன. 1999 முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே அகழாய்வு செய்தார்கள். வெள்ளம் படியவிட்ட பழைய களிமண் அடுக்குகளில் குவார்ட்சைட் கைக்கோடரிகள் கிடைத்தன. பிரெஞ்சு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2011இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, அவற்றின் வயது குறைந்தது 10 லட்சம், சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள். விலங்குப் பற்களின் புதைபடிவங்கள் மூன்றும் கிடைத்தன: ஒன்று மாடு அல்லது எருமை இனம், ஒன்று குதிரை இனம், ஒன்று ஆடு அல்லது நீலான் இனம். அன்றைய நிலம் ஈரம் மிகுந்த திறந்தவெளி என்பதற்கு அவை சாட்சி.

மனித எலும்பு அங்கே கிடைக்கவில்லை. ஆனால் நம் ஹோமோ சேப்பியன்ஸ் இனத்துக்கே வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான். அந்தக் கோடரிகளைச் செதுக்கியவர்கள் நமக்கு முந்தைய வேறு மனித இனம். அவர்களைத் தமிழர் என்றோ, திராவிடர் என்றோ, ஆரியர் என்றோ சொல்ல வழியில்லை. ‘முதல் மனிதன் எங்கள் ஆள்’ என்று மேடையில் முழங்குகிற எவருக்கும் இந்தக் கல் சாட்சி சொல்லாது. நமக்கும் சொல்லாது.

ஆனால் அது காலத்தின் அளவைக் காட்டுகிறது. சாதியின் சாரம் அகமணமே என்று 1916இல் அம்பேத்கர் வாதிட்டார். இந்திய மக்கள் சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை பரவலாகக் கலந்து வாழ்ந்தார்கள், அதற்குப் பிறகே அகமணம் இறுகியது என்று 2013இல் வெளியான மரபணு ஆய்வு கூறியது. 15 லட்சம் ஆண்டுகளை ஒரு நாளாகச் சுருக்கினால், அகமணத்தின் ஆயுள் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அதைத்தான் ‘சனாதனம்’, அதாவது என்றும் உள்ளது, என்கிறார்கள்.

முந்தி வந்தவருக்கே நிலம் என்றால், பிந்தி வந்த அகதிக்கு இடமில்லாமல் போகும். சமத்துவம் கேட்க நமக்கு வம்சாவளி தேவையில்லை. ‘ஆதி’ நம் போராட்டத்தின் பெயராக இருக்கட்டும். அதைப் பட்டாவாக்க வேண்டாம். தொடங்கிய காலம் தெரிந்த ஒன்றுக்கு முடிவும் உண்டு.