குடலோடு நின்றுபோகும் தாமிரம்

தாய்ப்பாலில் வரும் தாமிரம் சொற்பம்தான். சிறுகுடல் சுவரின் செல்லுக்குள் அது நுழையும். ஏடிபி7ஏ என்ற புரதம் மறுபக்கம் தள்ளிவிட, ரத்தத்தில் கலந்து ஈரலுக்கும் மூளைக்கும் போகும். அந்தப் புரதம் பழுதானால் தாமிரம் செல்லுக்குள்ளேயே தேங்கிவிடும். சில நாளில் செல் உதிர, அதுவும் மலத்தோடு போய்விடும்.

1962இல் நியூயார்க்கில் ஜான் மெங்கெஸும் சக மருத்துவர்களும் ஒரே குடும்பத்து ஆண் குழந்தைகள் ஐவரைப் பற்றி எழுதினார்கள். பிறந்தபோது குறையில்லை. சில மாதங்களில் வளர்ச்சி நின்றது, வலிப்பு வந்தது. முடி வெளிறி, முறுக்கிக்கொண்டு, தொட்டால் ஒடிந்தது. காரணம் பிடிபடவில்லை.

பிடி கொடுத்தது ஆட்டு ரோமம். ஆஸ்திரேலியாவில் மண்ணில் தாமிரம் குறைந்த மேய்ச்சல் நிலங்கள் உண்டு. அங்கே மேயும் ஆடுகளின் ரோமம் சுருளை இழந்து கம்பிபோல் விறைக்கும். மெல்போர்ன் குழந்தைகள் நல மருத்துவர் டேவிட் டேங்ஸ், இந்த நோயுள்ள குழந்தைகளின் முடியில் அந்தச் சாயலைக் கண்டார். ரத்தத்தைச் சோதித்தால் தாமிரம் மிகக் குறைவு. அது 1972. ஏடிபி7ஏ புரதத்தை உருவாக்கும், எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் அந்தப் பழுதான மரபணு 1993இல்தான் அகப்பட்டது. ஆண் குழந்தைகளுக்கே பெரும்பாலும் இந்த நோய் வருவதற்கு, மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதே காரணம்.

தாமிரம் எட்டாத இடமெல்லாம் தடுமாறும். ரத்தக்குழாய்கள் வலுவிழந்து நெளியும். மூளையுறைக்கடியில் ரத்தம் கசியும், விலா எலும்பு விரியும். பெற்றோர் அடித்துவிட்டார்களோ என்று சந்தேகிக்கப்படும் கொடுமையும் இதில் நேரலாம்.

முடியை உருப்பெருக்கியில் பார்த்தால் தன்னைத்தானே திருகிக்கொண்டிருப்பது தெரியும். ஆனால் முடி முறுக்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். பிறந்த சில வாரங்களில் எல்லாக் குழந்தைகளுக்குமே ரத்தத்தில் தாமிரம் குறைவு என்பதால் அந்த அளவை மட்டும் நம்பவும் முடியாது. டோபமினை நார்எபிநெஃப்ரினாக மாற்றும் நொதிக்குத் தாமிரம் வேண்டும். ரத்தத்தில் அவ்விரண்டின் விகிதம் பிறழ்ந்திருந்தால் அப்போதே நோயைச் சந்தேகிக்கலாம். மரபணுச் சோதனை அதை உறுதிசெய்யும்.

வாய்வழி தாமிரம் கொடுத்துப் பயனில்லை, வழிதான் அடைபட்டிருக்கிறதே. தாமிர ஹிஸ்டிடினைத் தோலுக்கடியில் ஊசியாகப் போடுகிறார்கள். முதல் மாதத்துக்குள் தொடங்கினால் சில குழந்தைகள் தேறுகின்றன. மரபணு முற்றிலும் முடங்கியிருந்தால் பலன் குறைவு.

தாய்வழியில் ஆண் குழந்தை எதுவும் வலிப்போடு வளர்ச்சி நின்று இறந்திருந்தால், அடுத்த கர்ப்பத்தின்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.