கார்னெல் பயிற்சி இல்லத்துக் குழந்தைகள்: மனையியல் கல்வியில் செயல்வழிக் கற்றலும் அதன் விலையும்

மனையியல் கல்வியின் வரலாறு பெரும்பாலும் மாநாடுகளையும் சட்டங்களையும் ஒட்டியே எழுதப்பட்டுள்ளது. 1899 முதல் 1908 வரை எல்லன் சுவாலோ ரிச்சர்ட்ஸ் முன்னின்று நடத்திய லேக் பிளாசிட் மாநாடுகள், தொழிற்கல்விக்கு நிதி வழங்கிய 1917ஆம் ஆண்டின் ஸ்மித்-ஹியூஸ் சட்டம், 1994இல் அமெரிக்கச் சங்கம் ‘குடும்ப, நுகர்வோர் அறிவியல்’ என்னும் பெயரை ஏற்றமை ஆகியன தவறாது இடம்பெறும். மாணவியரின் ஈடுபாடு எவ்வாறு பெறப்பட்டது என்னும் வினாவோ அரிதாகவே எழுப்பப்படுகிறது. அதற்கு விடை தேட, நியூயார்க் மாநிலத்துக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ‘பயிற்சி இல்லம்’ தக்க சான்றாகும்.

மார்த்தா வான் ரென்சலேர் உழவர் மனைவியருக்காக வகுத்த அஞ்சல்வழி வாசிப்புத் திட்டத்திலிருந்து வளர்ந்தது கார்னெல் மனையியல் துறை. அவரும் ஃபுளோரா ரோசும் அதனை வழிநடத்தினர். சமையலும் தையலும் பல்கலைக்கழகத்திற்குரிய பாடங்களா என்னும் ஏளனத்தை இத்துறை தொடக்கம் முதலே எதிர்கொண்டது. வேதியியலையும் நுண்ணுயிரியலையும் பாடத்தில் சேர்த்தது அதற்கு ஒரு மறுமொழி எனில், ஆய்வகத்தையே வீடாக அமைத்தது மற்றொன்று. மாணவியர் எண்மர் ஒரு மேற்பார்வையாளருடன் பருவம் முழுவதும் பயிற்சி இல்லத்தில் தங்கி, இல்லப் பணிகள் அனைத்தையும் தாமே ஏற்றனர்.

1920இல் அவ்வில்லத்திற்கு ஒரு கைக்குழந்தை வந்தது. அதற்கு இடப்பட்ட பெயர் டிக்கி டொமிகான். ‘டொமிகான்’ என்பது ‘டொமஸ்டிக் எகனாமி’ (இல்லப் பொருளியல்) என்பதன் சுருக்கம். பின்னர் வந்த குழந்தைகளுக்கும் துறையின் பெயரே குடும்பப் பெயராயிற்று. ஆதரவற்றோர் இல்லங்களும் குழந்தைநல அமைப்புகளும் அவர்களை அனுப்பின. பாலூட்டல், குளிப்பாட்டல், உறக்கம் ஆகியவை கால அட்டவணைப்படி நிகழ்ந்தன. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் குழந்தை தத்துக் கொடுக்கப்பட்டது. அறிவியல் முறையில் வளர்ந்த குழந்தை என்பதால் தத்தெடுப்போர் இவர்களை விரும்பி நாடினர் என்பது அக்காலத்தின் அறிவியல் நம்பிக்கையைக் காட்டுகிறது.

கற்பித்தல் நோக்கில் இம்முறையின் வலிமையை மறுக்க இயலாது. அழும் குழந்தையின் முன் ஏட்டறிவு மட்டும் போதாது. பிழையின் விளைவு உடனே தெரியும். எனினும் ஈடுபாட்டிற்குக் கருவியாக இருந்தது ஓர் உயிர். மாணவியர் முறைமாற்றிப் பொறுப்பேற்றதால் எல்லோரும் பயிற்சி பெற்றனர். குழந்தைக்கோ தாயின் இடத்தில் நிலையாக ஒருவரும் இல்லை. அந்த ஓராண்டு மாணவியருக்கு என்ன தந்தது என்பதைத் துறை மதிப்பிட்டது. குழந்தையிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்னும் கேள்வி வெளியிலிருந்தே வர வேண்டியிருந்தது.

1951இல் ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்திற்காக எழுதிய அறிக்கை, தாய் அல்லது தாய்க்கு நிகரான ஒருவருடன் குழந்தைக்குத் தொடர்ச்சியான உறவு தேவை என வலியுறுத்தியது. 1954இல் இல்லினாய் மாநிலக் கல்லூரி ஒன்றின் பயிற்சி இல்லக் குழந்தையைப் பற்றி மாநிலக் குழந்தைநல அலுவலர் எழுப்பிய எதிர்ப்பு நாடறிந்த செய்தியாயிற்று. கார்னெலில் இந்நடைமுறை 1969இல் முடிவுற்றது. அதே ஆண்டில் கல்லூரியின் பெயரும் ‘மனிதச் சூழலியல்’ என மாறியது.

குழந்தை விலகியபின்னும் உத்தி மறையவில்லை. பள்ளிகளில் முட்டையும் மாவுப் பையும் குழந்தையாயின. 1990களில் மின்னணுப் பொம்மைகள் வந்தன. பின்னாளில் இவற்றின் முதன்மை நோக்கம் குழந்தை வளர்ப்பைக் கற்பிப்பதினும் பதின்பருவக் கருத்தரிப்பைத் தடுப்பதாக மாறியது. மேற்கு ஆஸ்திரேலியாவின் 57 பள்ளிகளில் நிகழ்ந்த ஆய்வு 2016இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. 20 வயதிற்குள் குழந்தை பெற்றோர், பொம்மைத் திட்டத்தில் பங்கேற்ற மாணவியரில் 8 விழுக்காடு; பங்கேற்காதோரில் 4 விழுக்காடு. ஈடுபாடு மிகுந்தால் கருதிய பயன் தானே விளையும் என்று டொமிகான் காலம் முதல் நிலவிய எடுகோளை இம்முடிவு நேரடியாக மறுக்கிறது.