காவலூர் எழுத்தும் கண்டிக் கலைஞரும்

வேலணைத் தீவின் வடமேற்கு முனையிலே அமைந்த பழம்பெருந் துறைமுகம் ஊர்காவற்றுறை. காவலூர் என்பது அதன் மற்றொரு பெயர். அப்பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர் எழுத்தாளரும் வானொலிக் கலைஞருமாகிய காவலூர் இராசதுரை. தீவகத்து மண்ணில் வளர்ந்த அவருடைய எழுத்தும், கண்டியிலே பிறந்த சிங்களக் கலைஞர் ஒருவரின் நெறியாள்கையும் 1977ஆம் ஆண்டில் ஒரு தமிழ்ப் படத்தில் ஒன்றுகூடின. படத்தின் பெயர் 'பொன்மணி'. நெறியாளர் தர்மசேன பத்திராஜ.

1943இல் பிறந்த பத்திராஜ பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1974இல் வெளிவந்த 'அஹஸ் கவ்வ' அவருடைய முதல் முழுநீளப் படம். கொழும்பு நகரில் வேலையின்றி அலையும் இளைஞரே அதன் நாயகர். செல்வர் மாளிகைக் காதலையே கண்டு பழகியிருந்த சிங்களத் திரைக்கு அது புதுமையாயிற்று.

அக்காலத்தில் அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலே சிங்களம் கற்பித்து வந்தார். அங்கே கண்ட வாழ்க்கைதான் 'பொன்மணி'க்கு வித்தாயிற்று. சீதனம் இன்மையால் மணமாகாதிருக்கும் தமக்கை, சாதி வரம்பை மீறிக் காதலிக்கும் தங்கை, குலப்பெருமையைக் காக்க முனையும் குடும்பம் என விரியும் கதை துயரத்திலே முடிகின்றது. பல்கலைக்கழகச் சூழலைச் சார்ந்தோர் பலர் அதில் நடித்தனர். யாழ்ப்பாணத்துப் பேச்சும் முற்றமும் வேலியும் திரையில் இயல்பாக இடம்பெற்றன.

ஆயினும் படம் வணிக வெற்றி பெறவில்லை. சென்னைப் படங்களின் பாடலும் சண்டையும் உரத்த வசனமுமே திரைப்படம் என்று பழகியிருந்த கண்களுக்கு, அதன் நிதானமும் மௌனமும் அந்நியமாகத் தோன்றின. தன் வீட்டு முற்றத்தையே திரையில் காண்பது எளிதன்று. தன் வீட்டுக் குற்றத்தைக் காண்பது அதனினும் அரிது.

இத்தோல்வி பத்திராஜவைத் தளரச் செய்யவில்லை. கற்பிட்டி மீனவர் வாழ்வில் நகரத்தார் புகுந்து விளைக்கும் கலக்கத்தை 'பம்பரு அவித்' 1978இல் காட்டியது. சுதந்திரத்தின் பயன் எட்டாத எளியோரை 1981இல் 'சொல்தாது உன்னெஹே' நினைவூட்டியது. பின்னர் தொலைக்காட்சிக்கும் அவர் வந்தார். 1992இல் ஒளிபரப்பான 'கடுல்ல' தொடர் அத்துறையிலும் அவருக்குப் பெரும்புகழ் தந்தது. 2014இல் 'ஸ்வரூப' படத்தை உருவாக்கிய அவர், 2018இல் மறைந்தார்.

'பொன்மணி' வெளிவந்த சில ஆண்டுகளில் நாடு போரிலே மூழ்கியது. வடக்கையும் தெற்கையும் இணைத்த பாதைகள் அடைபட்டன. போருக்கு முந்திய யாழ்ப்பாணத்தின் முகத்தை அப்படம் இன்றும் காத்து நிற்கின்றது. ஒரு சமூகத்தின் துயரை அயல்மொழியாளர் ஒருவர் அன்போடு உற்று நோக்கலாம் என்பதற்கும், அவர் கையில் தன் கதையை நம்பி ஒப்படைக்கும் எழுத்தாளனும் உண்டு என்பதற்கும் அது சான்று. ஓடிய நாள்களைக் கொண்டு அளக்க முடியாத வெற்றி அது.