விமான நிலையத்தை அடைத்த டாக்ஸிக்காரர்கள்

பஹாமாஸ் தலைநகர் நாசோவில் எங்கள் கப்பல் நின்ற அன்று காலை நான் செய்த முதல் வேலை, டாக்ஸிக்காரர்களிடம் பேரம் பேசித் தோற்றது. ஊர் சுற்றிக் காட்டும் பேருந்துக்குக் கப்பலிலேயே சீட்டு விற்றார்கள். மனைவிக்கும் மகளுக்கும் அதில் சம்மதம்தான். நான்தான் பிடிவாதமாக வேண்டாம் என்றேன். கொடி பிடித்தவர் பின்னால் நாற்பது பேரோடு நடப்பது எனக்கு ஒத்துவராது. வெளியே போனால் உள்ளூர் டாக்ஸி கிடைக்கும், பாதி விலைக்கு முடிச்சிடலாம் என்பது என் கணக்கு.

துறைமுக வாசலைத் தாண்டியதும் கார்களும் வேன்களும் வரிசையாக நின்றன. வரிசையின் தலைப்பில் ஒருவர் கையில் அட்டையோடு நின்று, வருகிறவர்களை ஒவ்வொரு வண்டிக்காக அனுப்பிக்கொண்டிருந்தார். நான் அவரைக் கண்டுகொள்ளாமல் நடுவில் நின்ற ஒரு வேன்காரரிடம் போய் ஒரு விலை சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே முன்பக்கம் கை காட்டினார். "முதல் வண்டிகிட்ட பேசுங்க. இப்ப அவர் முறை." அதற்குப் பின்னால் நின்றவரும் அதையேதான் சொன்னார். எங்கள் தொழிலில் இதை ஃபிஃபோ என்போம், முதலில் வந்தது முதலில் வெளியே போகும். கம்ப்யூட்டருக்குள் இருந்தால் ரசிப்பேன். வெயிலில் பர்ஸைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, எல்லாரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு நம்மை மொட்டையடிக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. முணுமுணுத்தபடியே முதல் வண்டியில் ஏறினோம்.

ஐந்து மணி நேரத்துக்கு வண்டிக்கு இவ்வளவு என்று முடிவானது. (போகிறவர்கள் ஆளுக்கா, வண்டிக்கா என்பதை ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். பஹாமாஸ் டாலரும் அமெரிக்க டாலரும் ஒன்றுக்கு ஒன்று, எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறார்கள்.) ஓட்டுநருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அடிமைகள் பாறையைக் குடைந்து வெட்டிய குயின்ஸ் ஸ்டேர்கேஸ், அதன் மேலே ஃபின்காஸில் கோட்டை, விடுதலையான கறுப்பின மக்கள் குடியேறிய கிராண்ட்ஸ் டவுன் என்று ஒரு சுற்று வந்தோம். பிறகு தீவின் மேற்குப் பக்கம் போகும்போது, விமான நிலையத்துக்குப் பிரியும் சாலையில் வண்டியை மெதுவாக்கினார். "இந்த ரோட்டைத்தான் எங்க ஆளுங்க அடைச்சாங்க. எங்கப்பா வண்டியும் நின்னுச்சு" என்றார்.

எதுக்கு அடைச்சாங்க என்று கேட்டேன். "உங்களுக்காகத்தான்" என்றார். கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். ஊருக்குத் திரும்பி இரண்டு மாதம் கிடைத்ததையெல்லாம் படித்த பிறகுதான் அது நூற்றுக்கு நூறு உண்மை என்று புரிந்தது. அவர்கள் சண்டை போட்டது, விமானத்திலிருந்து இறங்கும் என்னைப் போன்ற ஆளை யார் ஏற்றிக்கொண்டு போவது என்பதற்காகத்தான்.

கொஞ்சம் பின்னால் போவோம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனும் அமெரிக்காவும் இந்தத் தீவில் விமானத் தளங்கள் அமைத்தன. நகரத்தை ஒட்டி ஓக்ஸ் ஃபீல்டு, மேற்கே தள்ளி விண்ட்சர் ஃபீல்டு. முடி துறந்த எட்டாம் எட்வர்டு, அதாவது விண்ட்சர் கோமகன், அப்போது இங்கே கவர்னராக இருந்தார், பெயர் அவருடையது. கட்டுமான வேலைக்கு வந்த உள்ளூர்க்காரர்களுக்கு நாள் கூலி 4 ஷில்லிங். பக்கத்தில் நின்று வேலை செய்த அமெரிக்கருக்குப் பல மடங்கு. 1942 ஜூன் 1ஆம் தேதி தொழிலாளர்கள் ஊர்வலமாக வந்து, வணிகர்களின் கடைவீதியான பே ஸ்ட்ரீட்டை அடித்து நொறுக்கினார்கள். பர்மா ரோடு கலவரம் என்று அதற்குப் பெயர். ஆக, விண்ட்சர் ஃபீல்டு கட்டும்போதே ஒரு தடவை ரத்தம் பார்த்த இடம்.

பே ஸ்ட்ரீட் என்பது அங்கே வெறும் தெருவின் பெயர் இல்லை. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக இருந்த நாட்டில் சட்டசபை, இறக்குமதி, நிலம் எல்லாம் ஒரு சிறு வெள்ளை வணிகக் கூட்டத்தின் கையில் இருந்தது. அவர்களைப் பே ஸ்ட்ரீட் பாய்ஸ் என்றே சொன்னார்கள். ஓட்டுரிமை ஆண்களுக்கு மட்டும், அதுவும் சொத்தோடு கட்டிப்போட்டது. எத்தனை தொகுதியில் சொத்து இருக்கிறதோ அத்தனையிலும் ஓட்டுப் போடலாம். கம்பெனிகளுக்குத் தனி ஓட்டு வேறு!

போருக்குப் பிறகு இவர்கள் சுற்றுலாவைக் கையில் எடுத்தார்கள். அதைத் திட்டம் போட்டு வளர்த்தவர் ஸ்டாஃபோர்ட் சாண்ட்ஸ் என்ற வழக்கறிஞர், அரசியல்வாதி. 1949இல் வந்த பயணிகள் சுமார் 32,000. அடுத்த இருபது ஆண்டுக்குள் அது பத்து லட்சத்தைத் தாண்டியது. அந்த மனிதரின் அரசியல் எனக்குப் பிடிக்காது, ஆனால் தொழிலில் கெட்டிக்காரர் என்பதை மறுக்க முடியாது.

பணம் தீவுக்கு வந்தது, சரி. யார் கைக்குப் போனது? ஹோட்டல், கடை, கப்பல் ஏஜென்சி எல்லாம் முதலாளிகளுடையவை. கறுப்பின மக்களுக்கு அங்கே அறை துடைக்கும் வேலையோ மூட்டை தூக்கும் வேலையோதான். இத்தனைக்கும் 1956 வரை பெரிய ஹோட்டல்களுக்குள் அவர்கள் விருந்தாளியாக நுழையவே முடியாது. அந்த ஆண்டு ஜனவரியில் எட்டியன் டுப்பூஷ் என்ற பத்திரிகை ஆசிரியர் சட்டசபையில் நிற வேறுபாட்டுக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்த பிறகுதான் கதவு திறந்தது. அதுவரை பயணியை வாசலில் இறக்கிவிடும் டாக்ஸிக்காரர் வாசலோடு திரும்பவேண்டும்.

ஆனால் அந்த வாசல் வரைக்கும் பயணி அவருடைய ஆள். ஒரு கார் இருந்தால் போதும், முதலாளி யாரும் இல்லாமல் டாலர் நேராகக் கைக்கு வரும். வழியில் பேச்சுக் கொடுத்து, "நாளைக்கு ஊர் சுற்றிக் காட்டவா?" என்று கேட்டு அடுத்த நாள் வேலையையும் பிடித்துவிடலாம். விமான நிலையச் சவாரி என்பது அந்த ஒரு சவாரியோடு முடிவதில்லை, விடுமுறை முழுவதற்கும் அதுதான் அறிமுகம். இதை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒரு சாலையை அடைக்கும் அளவுக்கு ஏன் கொதித்தார்கள் என்பது புரியாது.

1957 நவம்பர் 1ஆம் தேதி ஓக்ஸ் ஃபீல்டை மூடிவிட்டு விண்ட்சர் ஃபீல்டைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். ஊரிலிருந்து தூரம் அதிகம், அதனால் சவாரிக்கும் கூடுதல் பணம். டாக்ஸிக்காரர்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய நாள். ஆனால் ஹோட்டல்களும் வெள்ளையர்களின் சுற்றுலா கம்பெனிகளும் தங்கள் சொந்த வண்டிகளிலேயே பயணிகளை ஏற்றிச் செல்ல ஏற்பாடு செய்திருந்தன. டாக்ஸிக்காரர்களுக்கு மிச்சம் மீதி.

அவர்களுடைய சங்கத் தலைவர் கிளிஃபர்ட் டார்லிங். முடிதிருத்தும் வேலை பார்த்து, பிறகு டாக்ஸி ஓட்ட வந்தவர். அவர் தலைமையில் கிட்டத்தட்ட 200 பேர் கார்களைக் கொண்டுபோய் விமான நிலையச் சாலையில் குறுக்கே நிறுத்தினார்கள். ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க விமான நிலையம் முடங்கியது. தொழிலுக்கு இருந்த ஒரே கருவி கார். அதையே ஆயுதமாக்கிவிட்டார்கள்.

அரசு பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தது. வாரக்கணக்கில் பேசியும் ஒன்றும் நடக்கவில்லை. 1958 ஜனவரி இரண்டாவது வாரத்தில் ராண்டல் ஃபாக்ஸின் தொழிலாளர் கூட்டமைப்பு டாக்ஸிக்காரர்களோடு சேர்ந்து பொது வேலைநிறுத்தம் அறிவித்தது. குளிர்காலச் சீசன், அமெரிக்கர்கள் கூட்டம் கூட்டமாக வரும் நேரம். ஹோட்டல் ஊழியர்கள், கட்டடத் தொழிலாளர்கள், குப்பை அள்ளுபவர்கள் எல்லாரும் வேலையை விட்டார்கள். ஹோட்டல்கள் மூடின. ஜமைக்காவிலிருந்து பிரிட்டிஷ் படை விமானத்தில் வந்து இறங்கியது. இரண்டு வாரத்துக்கும் மேல் நீண்ட அந்த வேலைநிறுத்தத்தில் பெரிய வன்முறை இல்லை, பர்மா ரோடு மாதிரி இன்னொன்று நடக்கும் என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.

லண்டன் இதைக் கவனித்தது. ஏப்ரலில் காலனித்துறை அமைச்சர் ஆலன் லெனாக்ஸ்-பாய்டு நேரில் வந்தார். கம்பெனி ஓட்டு ஒழிந்தது. வயது வந்த ஆண்கள் அனைவருக்கும் ஓட்டு கிடைத்தது, நாசோ இருக்கும் தீவுக்கு நான்கு இடங்கள் கூடின. 1960இல் அந்த நான்கையும் எதிர்க்கட்சியான பிஎல்பி வென்றது. பெண்கள் 1962இல் முதன்முறையாக வாக்களித்தார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "டாக்ஸிக்காரர்கள்தான் சுதந்திரம் வாங்கித் தந்தார்கள்" என்று ஒற்றை வரியில் சொல்ல ஆசையாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் பிஎல்பி தலைவர்களே முதலில் பொது வேலைநிறுத்தத்துக்குத் தயங்கினார்கள். கூட்டமைப்பு சேராமல் இருந்திருந்தால் நவம்பர் மறியல் ஒரு நாள் செய்தியாகவே முடிந்திருக்கும் என்பது என் எண்ணம். 1962 தேர்தலில் பே ஸ்ட்ரீட் கட்சியே மறுபடியும் ஜெயித்தது. 1967 ஜனவரி 10ஆம் தேதி தேர்தலில் இரண்டு கட்சிக்கும் 18, 18. தனியாக ஜெயித்த ஃபாக்ஸ் பிஎல்பி பக்கம் வந்தார், இன்னொரு சுயேச்சை சபாநாயகர் ஆனார், லிண்டன் பிண்ட்லிங் ஆட்சி அமைத்தார். சுதந்திரம் 1973இல்தான்.

சாலையில் காரை நிறுத்திய டார்லிங், பின்னாளில் சபாநாயகராகி, 1992இல் நாட்டின் கவர்னர் ஜெனரலும் ஆனார். ஒரு காலத்தில் விண்ட்சர் கோமகன் உட்கார்ந்த மாளிகையில் ஒரு டாக்ஸிக்காரர். அடைக்கப்பட்ட அந்த விமான நிலையத்துக்கு இப்போது பிண்ட்லிங் பெயர்.

ஓட்டுநரின் அப்பாவுடைய கார் அந்த 200-இல் இருந்ததா என்பதை நான் சரிபார்க்கப் போவதில்லை. அந்த ஊரில் பாதிக் குடும்பங்கள் அப்படிச் சொல்லக்கூடும், சொல்லட்டும்.

மாலை துறைமுகத்துக்குத் திரும்பினோம். கப்பலில் சீட்டு வாங்கியவர்களின் பேருந்தும் அதே நேரம் வந்து நின்று, நாற்பது பேரை இறக்கியது. ஓட்டுநர் அதைப் பார்த்தார். "அந்தக் காசு கப்பல்லயே கட்டியாச்சு" என்று மட்டும் சொன்னார். காலையில் பேசிய தொகையை எண்ணிக் கொடுத்தேன், பேரம் பேச வாய் வரவில்லை. வாங்கி மேல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, வண்டியைத் திருப்பி வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினார்.